மயில் வளைந்த கதை: காத்ர் போர்ன் வீட்டுச் சன்னல் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பெலால் புயல் போன நாலாம் நாள் டீச்சரம்மா போன் செய்தார். "தம்பி, மயில் வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்குது. வந்து பாருங்க."

2024 ஜனவரி 15 அன்று போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துப் போனதை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அந்த வாரம் மொரிஷியசில் எது கெட்டாலும் பழி பெலால் மேல்தான். வேலி சாய்ந்ததா, பெலால். ஃப்ரிட்ஜ் ஓடவில்லையா, பெலால். வண்ணக் கண்ணாடியில் மயில் வைத்து நான் செய்து கொடுத்த சன்னலும் அந்தக் கணக்கில் போயிருக்கும், எனக்கும் அது வசதிதான். ஆனால் அந்த மயிலை வளைத்தது புயல் இல்லை. பாதி நான், பாதி ஒரு சட்டி சிமெண்டுக் கலவை. வண்ணக் கண்ணாடி வேலை கற்றுக்கொள்கிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை முழுதாக எழுதிவைக்கிறேன்.

டீச்சரம்மா இங்கே பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வீடு காத்ர் போர்ன் நகரில். மாடிப்படி திரும்பும் இடத்தில் மேற்குப் பார்த்த நீளச் சன்னல், அதன் வழியே கோர் தெ கார்ட் மலை தெரியும். மலைச் சரிவில் முருகன் கோயில். தைப்பூசத்தன்று காவடிகள் ஏறுவதை முன்பெல்லாம் கூடவே நடந்து பார்த்தவர், இப்போது முழங்கால் விடுவதில்லை. "நான் மலைக்குப் போக முடியல. மயிலாவது என் மாடிப்படிக்கு வரட்டும்" என்றுதான் வேலையைக் கொடுத்தார். முன்பணமாக அவர் எண்ணிக் கொடுத்த ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைத் தடவிக் காட்டி, இதைச் சேமித்து வைக்காமல் செலவு செய்யச் சொன்னார். அது வேறு கதை.

இந்த வேலையை இங்கே பிரெஞ்சு வழக்கப்படி 'வித்ராய்' என்பார்கள். கண்ணாடி மேல் பெயின்ட் அடிப்பது என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. வண்ணம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது. உருக்கும்போது கோபால்ட் சேர்த்தால் நீலம், செம்பு சேர்த்தால் மயில்கழுத்துப் பச்சை கலந்த நீலம், துளித் தங்கம் சேர்த்தால் ரோஜாச் சிவப்பு. அந்தத் தகடுகளை வெட்டி, துண்டுகளை உலோகக் கோட்டால் இணைப்பதுதான் வேலை. காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் சன்னல் மேல் பதித்த கலர்க் கண்ணாடிகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவை மரச்சட்டத்துக்குள் தனித்தனிச் சில்லுகளாக இருக்கும், கனத்தைத் தாங்குவது மரம். வித்ராயில் மரம் கிடையாது. கோடுதான் தாங்க வேண்டும். இந்த வித்தியாசம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இணைப்பதற்கு இரண்டு வழி. பழைய வழி ஈயப் பட்டி: குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில எச் எழுத்து மாதிரி இருக்கும், இரண்டு பக்கப் பள்ளத்திலும் கண்ணாடி உட்காரும். ஐரோப்பியத் தேவாலயங்களில் பல நூறு வருடமாக நிற்பதெல்லாம் இந்த வகை. இன்னொன்று செப்பு நாடா: ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் ஒட்டும் செப்புத் தாளைச் சுற்றி, அதன்மேல் சால்டர், அதாவது உருக்கிய பற்றவைப்பு உலோகம், ஓடவிடுவது. நம்மூர்ப் பத்தர் பத்தாசு வைக்கிற அதே வித்தைதான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நியூயார்க்கில் டிஃபனியின் விளக்குகளால் புகழ் பெற்ற முறை. சின்னச் சின்னத் துண்டுகளுக்கு இதுவே வசதி. ஈயப் பட்டி விளிம்பை மூடுவதால், நகம் அளவுத் துண்டாக இருந்தால் முழுவதையும் விழுங்கிவிடும்.

மயிலுக்கு நான் செப்பு நாடாவை எடுத்தேன். தோகையில் கண் கண்ணாக 212 துண்டு. அந்தத் தேர்வை இன்றைக்கும் தப்பு என்று சொல்லமாட்டேன். தப்பு வேறு இடத்தில்.

சன்னல் 70 செ.மீ. அகலம், 150 செ.மீ. உயரம். அதை நடுவே பிரிக்காமல் ஒரே பலகமாகச் செய்தேன். அது முதல் தப்பு. மயில் நிற்கத் தரை வேண்டுமே என்று அடியிலிருந்து 50 செ.மீ. உயரத்தில், இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை, ஸ்கேல் வைத்த மாதிரி ஒரே நேர்கோடு இழுத்தேன். இது இரண்டாவது, பெரிய தப்பு. அட்டைப்பெட்டியைக் கத்தியால் லேசாகக் கீறிவிட்டு மடித்தால் கீறின இடத்தில்தானே மடியும்? கண்ணாடித் துண்டு வளையாது, துண்டுகளுக்கு நடுவே ஓடும் சால்டர் வளையும். கோடு முறிந்து முறிந்து போனால் ஒரு துண்டு இன்னொன்றின் வளைவைத் தடுக்கும். நேராக ஓடினால் தடுக்க ஆள் இல்லை, அது கதவுக் கீல். மூன்றாவது, தாங்கு கம்பி வைக்கவில்லை. கம்பி மயிலின் கழுத்துக்குக் குறுக்கே வந்து அழகைக் கெடுக்குமே என்று விட்டேன்.

2023 ஜூலையில் வேலை முடிந்தது. பொருத்துகிற அன்று எனக்கு வேறு இடத்தில் வேலை. வீட்டுக்காரர்கள் தங்கள் கொத்தனாரை வைத்து, சுவர்க் காடியில் பலகத்தை நிறுத்தி, நாலு பக்கமும் சிமெண்டுக் கலவையை இறுக்கப் பூசிவிட்டார்கள். கொத்தனாருக்கு அது கல், கல் ஆடக்கூடாது. சரியாகத்தான் செய்தார், அவர் தொழிலின் கணக்குப்படி. சுற்றிலும் மூன்று மில்லிமீட்டர் சந்து விடச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

போன் வந்த மறுநாள் போனேன். வீடு முழுக்க ஒரே தீர்ப்பு: காற்று. எதிர்வீட்டு அக்கா மட்டும் கண்திருஷ்டி என்றார், அதற்கும் சாட்சிகள் வைத்திருந்தார். நான் கொத்தனார் நூல் ஒன்றை எடுத்து, மேல் சட்டத்தில் ஒரு முனையும் கீழ்ச் சட்டத்தில் ஒரு முனையும் பிடித்து இழுத்துக் கட்டினேன். பலகம் வெளிப்பக்கம் தள்ளியிருந்ததால் உள்ளே நூலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி. ஓரங்களில் ஒன்றுமில்லை, இறங்க இறங்கக் கூடி, அந்தத் தரைக் கோட்டில் 14 மில்லிமீட்டர். அதற்குக் கீழே மறுபடி குறைந்தது. வில் மாதிரி வளையவில்லை, மடிந்திருந்தது. எங்கே மடிந்தது என்று பார்த்ததுமே எனக்கு வியர்த்துவிட்டது.

எப்போது மடிந்தது? அதற்கு டீச்சரம்மாவின் மருமகள் போன்தான் சாட்சி. தீபாவளிக்குப் படிக்கட்டு முழுக்க விளக்கு வைத்துப் படம் எடுத்திருந்தார். படியின் கீழிருந்து பக்கவாட்டில் எடுத்த படம். பெரிதாக்கிப் பார்த்தால் பலகத்தின் ஓரக்கோடு மயிலின் காலருகே முறிந்து தெரிகிறது. தீபாவளி நவம்பரில், புயல் ஜனவரியில். பெலால் விடுதலை.

விரிசல் மூன்று. கண்ணாடி உடைந்த விதத்தைப் படித்தால் யார் உடைத்தது என்று அதுவே சொல்லும், இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. முதல் விரிசல் வலது ஓரத்து அடர்நீலத் துண்டில். சிமெண்டு பிடித்திருந்த விளிம்பில் ஆரம்பிக்கும் இடத்தில் விளிம்புக்குச் செங்குத்தாக ஒரு விரற்கடை நேராகப் போய், அப்புறம் பாம்பு மாதிரி நெளிந்திருந்தது. வெப்பத்தால் வரும் விரிசலின் கையெழுத்து அது. அடர்நிறக் கண்ணாடி வெயிலை வாங்கிச் சூடாகும், கலவைக்குள் புதைந்த ஓரம் குளிர்ந்தே இருக்கும், நடு விரிய ஓரம் விரியாமல் கிழியும்.

இரண்டாவது மயிலின் கழுத்தில், உள்வளைவின் ஆழமான புள்ளியிலிருந்து. இதுவும் என் குற்றம்தான். உள்வளைவை வெட்டும்போது கீறல் சக்கரத்தை முழு வளைவுக்கும் ஓட்டிவிட்டு ஒரே இழுப்பில் உடைக்கக் கூடாது. முதலில் ஆழமில்லாத ஒரு பிறை, அதை எடுத்துவிட்டு இன்னொரு பிறை, இப்படி வாழைப்பழத்தைச் சீவுவது போல மூன்று நாலு தடவையாக எடுக்க வேண்டும். கடைசியில் குறடால் கொறித்து, தண்ணீர் விட்டு வைரக் கல்லில் தேய்க்க வேண்டும். நான் எடுத்தது சரியாகத்தான் வந்தது. ஆனால் அவ்வளவு ஆழமான வளைவை ஒரே துண்டில் வைத்ததே தப்பு. எந்த அழுத்தம் வந்தாலும் முதலில் உடைவது உள்வளைவின் உச்சிதான். அந்த இடத்தில் ஒரு கோட்டைக் கொண்டுவந்து துண்டை இரண்டாக்கியிருக்க வேண்டும். வித்ராய் வரைகிறவர்கள் விரிசலை முன்கூட்டியே யோசித்து, அது வரக்கூடிய இடத்தில் கோட்டைப் போட்டுவிடுவார்கள்.

மூன்றாவது விரிசல் இரண்டு கதையிலும் சேரவில்லை. கீழ்ப் பச்சைத் துண்டில் உட்பக்கம் கிளிஞ்சல் மாதிரி ஒரு சின்னப் பொட்டு பெயர்ந்து, அங்கிருந்து நட்சத்திரமாக மூன்று கால். ஏதோ பட்டிருக்கிறது. நான் அந்தப் பொட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தபோது, படியில் உட்கார்ந்திருந்த ஒன்பது வயதுப் பேரன் மெல்ல எழுந்து மாடிக்குப் போனான். கால்பந்து கட்டிலுக்கு அடியில் இருந்தது. இதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

சரி, 14 மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது? இங்கே கொஞ்சம் கணக்கு. கண்ணாடி சூடானால் விரியும் அளவு, மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 0.009 மி.மீ. ஒன்றரை மீட்டர் உயரப் பலகம் 30 டிகிரி கூடினால் 0.4 மி.மீ. வளரும். நான் ஓரத்துக்கு வைத்த துத்தநாகச் சட்டம் இதைப் போல மூன்று மடங்கு விரியும். அரை மில்லிமீட்டர்கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் மேலும் கீழும் அசையாத கலவைக்கு நடுவே, ஒரு கீல் உள்ள பலகம் நீளப் பார்த்தால் போக ஒரே வழி பக்கவாட்டில் மடிவதுதான். அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் கீல் இருந்தால், 14 மி.மீ. வயிறு தள்ள வெறும் 0.3 மி.மீ. வளர்ச்சி போதும். மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், நம்பிக்கை வரவில்லை. பிறகு ஒரு அடிக்கோலை மேசைச் சந்தில் இறுக்கி வைத்து முனையை லேசாகத் தள்ளிப் பார்த்தேன். தள்ளியது கண்ணுக்குத் தெரியவில்லை, வயிறு தெரிந்தது.

மாட்டியது ஜூலை, இங்கே குளிர்காலம். பலகம் மிகச் சுருங்கியிருந்த நேரத்தில் இறுக்கிப் பூசியாயிற்று. நவம்பரில் வெயில் ஏறியது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் ஊரில் பழகியது தெற்கு வெயில். இந்தத் தீவு 20 டிகிரி தெற்கில் இருக்கிறது, வருடத்தில் பெரும்பாலும் நடுப்பகல் சூரியன் வடக்கே சாயும். வடக்குச் சன்னலுக்கு மட்டும் பயந்து, மேற்குதானே என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். டிசம்பரில் சூரியன் நேர்மேற்கிலிருந்து 25 டிகிரி தெற்கே தள்ளி மறைகிறது, மாலை மூன்று மணிக்கு மேல் அந்த மாடிப்படிச் சுவர் முழுதாக அதன் வாயில். தினமும் சூடு, தினமும் ஆறுதல். காரீயமும் வெள்ளீயமும் கலந்த சால்டர் அந்தச் சூட்டில் உருகாது, உருக 183 டிகிரி வேண்டும். ஆனால் தொடர்ந்து தள்ளினால் கொஞ்சம் கொஞ்சமாக இடம் கொடுக்கும். கொடுத்த இடத்தைத் திருப்பி வாங்காது. அதனால்தான் ராத்திரி குளிர்ந்த பிறகும் மயில் நிமிரவில்லை.

கழற்றும்போது கலவையை உளியால் தட்டியதில் இன்னும் நாலு துண்டு போயிற்று. கழற்றுகிற இடத்தைச் சுற்றி ஈரத்துணி விரித்து, பேரனையும் அவன் தங்கையையும் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். சால்டரில் நூற்றுக்கு நாற்பது ஈயம். தொடுவதால் ஒன்றும் ஆகாது, தூள் கை வழியே வாய்க்குப் போவதுதான் ஆபத்து, குழந்தைகளுக்கு மிகவும். என் பட்டறையில் டீ கிடையாது. வருகிறவர்கள் கஞ்சன் என்று நினைத்துக்கொள்கிறார்கள், நினைக்கட்டும்.

புதிய வரைபடத்தோடு போனபோதுதான் உண்மையான சண்டை. இரண்டு பலகம், நடுவே டி வடிவ அலுமினியச் சட்டம், கோடெல்லாம் தடித்த மார்க்கரில். டீச்சரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். "இவ்வளவு கறுப்புக் கோடா? மயிலைக் கூண்டில போட்ட மாதிரி இருக்கே." கோடு இல்லாவிட்டால் மறுபடி மடியும் என்றேன். அவருக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, வண்ணம் உயிரெழுத்து, ஈயம் மெய்யெழுத்து, மெய் இல்லாமல் சொல் நிற்குமா என்று கேட்டுவைத்தேன். தமிழ் வாத்தியாரிடம் இலக்கணம் பேசக்கூடாது. "உயிர் தனியா ஒலிக்கும் தம்பி. ஆ, ஈ, ஊ எல்லாம் ஓரெழுத்துச் சொல். மெய்தான் உயிர் சேராம வாயைத் திறக்காது. போய்க் கோட்டைக் குறைச்சிட்டு வாங்க."

குறைத்தேன். அந்தக் கோபத்தில் பிறந்த வரைபடம்தான் நன்றாக அமைந்தது. எல்லா இடத்திலும் ஒரே தடிமன் என்பதை விட்டேன். ஓரத்துக்கு 12 மி.மீ. ஈயப் பட்டி, மலைக்கும் மயில் உடம்புக்கும் 6, தோகைத் தண்டுகளுக்கு 4. தோகைக் கண்களைப் பழையபடி செப்பு நாடாவில் சின்னச் சின்னக் கூட்டாகச் செய்து, ஒவ்வொரு கூட்டையும் ஒரே துண்டு போல ஈயப் பட்டிக்குள் உட்கார வைத்தேன். நேர்த் தரைக்கோடு போய், அந்த இடத்தில் கோர் தெ கார்ட் மலையின் முகடு வந்தது. மலை ஏறி இறங்கிப் போவதால் பலகத்துக்குள் ஓரம் முதல் ஓரம் வரை நேர்கோடு எங்குமே இல்லை. டி சட்டம் மலை அடிவாரத்து நிழலில் மறைந்துகொண்டது. கழுத்தின் உள்வளைவில் ஒரு கோடு. அதை டீச்சரம்மா கண்டுபிடித்தார், ஆனால் மயிலுக்குக் கழுத்தில் ஒரு மடிப்பு இருக்கலாம் என்று விட்டுவிட்டார்.

ஈயப் பட்டி வேலை செப்பு நாடாவை விட நிதானம் கேட்பது. பட்டியை முதலில் வைஸில் ஒரு முனை, குறடில் ஒரு முனை பிடித்து இழுக்க வேண்டும். தளர்ச்சி போய், சட்டென்று நேராவது கையில் தெரியும். பலகையின் ஒரு மூலையில் இரண்டு ரீப்பரைச் செங்கோணமாக அடித்து, அங்கிருந்து துண்டு, பட்டி, துண்டு என்று கட்டிக்கொண்டே வந்து, நகராமல் இருக்கக் குதிரை லாட ஆணியால் முட்டுக் கொடுக்க வேண்டும். தட்டையான ஆணி என்பதால் கண்ணாடி ஓரத்தைச் சில்லாக்காது. சந்திகளில் மட்டும் சால்டர். ஈயம் 327 டிகிரியில் உருகும், சால்டர் அதற்கு நூறு டிகிரிக்கு மேல் கீழே. கருவி அதிகம் சூடாக இருந்தால் பட்டியே உருகிக் குழி விழும். விழுந்தது, இரண்டு இடத்தில். மாற்றினேன்.

அப்புறம் மக்கு, பட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவே அடைக்கும் பசை. சுண்ணக்கட்டித் தூள், ஆளிவிதை எண்ணெய், கொஞ்சம் டர்பன்டைன், நிறத்துக்கு விளக்குக் கரி. இட்லி மாவை விடக் கெட்டியாகப் பிசைந்து, பிரஷ்ஷால் பட்டிக்கு அடியில் தேய்த்துத் தேய்த்து ஏற்ற வேண்டும். மக்கு ஏறும்வரை பலகத்தைத் தூக்கினால் பழைய பஸ் சன்னல் மாதிரி கிடுகிடுக்கும். ஏறிக் காய்ந்த பிறகு தட்டினால் ஒரே சத்தம். இரண்டு வாரம் படுக்க வைத்தேன், அவசரப்பட்டால் ஓரமெல்லாம் எண்ணெய் அழும்.

தாங்கு கம்பி, பலகத்துக்கு இரண்டு. கடல் காற்றுக்கு இரும்பு துருப்பிடித்து வீங்கும் என்பதால் 8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சால்டர் சந்திகளில் செப்புக் கம்பி பற்றவைத்து, அதைத் தாங்கு கம்பியில் முறுக்கிக் கட்டினேன். வெளிச்சம் வரும்போது பார்த்தால் கம்பி நிழலாக ஒரு கோடு, அவ்வளவுதான். இதற்காகவா அன்று பயந்தேன் என்று இருந்தது.

பெலால் நிரபராதி என்றாலும் அடுத்தது அப்படி இருக்கும் என்று யார் எழுதிக் கொடுப்பது? 1960-இல் கேரோல் புயல் அடித்தபோது மணிக்கு 256 கி.மீ. காற்று, அதற்குப் பிறகுதான் இங்கே ஊரெல்லாம் கான்கிரீட் வீடானது. அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் மேல் விழும் தள்ளல் 300 கிலோவுக்கு மேல். ஈயப் பலகம் அதைத் தாங்கும் என்று நான் கையெழுத்துப் போடமாட்டேன். அதனால் வெளிப்பக்கம் லேமினேட்டட் கண்ணாடி (இரண்டு தகடுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டியது), அதற்கும் பலகத்துக்கும் நடுவே மூன்று செ.மீ. இடைவெளி, மேலும் கீழும் வலை போட்ட காற்றுச் சந்து. சந்து இல்லாமல் மூடினால் உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்கும், மழைநாளில் வேர்க்கும். சுற்றிலும் நாலு மி.மீ. இடம் விட்டு சிலிகான், அதுவும் வினிகர் வாடை அடிக்காத வகை. அந்த வாடை ஈயத்தை அரிக்கும்.

கண்ணாடியும் கூலியும் என் கணக்கு. அலுமினியச் சட்டத்துக்கும் வெளிக் கண்ணாடிக்கும் டீச்சரம்மாவின் மகன் கொடுத்தார். கொத்தனார் அதே ஆள்தான். இந்தத் தடவை நான் பக்கத்திலேயே நின்றேன், அவர் சந்துக்குள் ஒரு அட்டையை விட்டு விட்டுப் பார்த்து, "இவ்வளவு ஓட்டையா?" என்று மூன்று முறை கேட்டார்.

2025 பிப்ரவரியில் தைப்பூசத்துக்கு முந்தின வாரம் பொருத்தியாயிற்று. மேல் சட்டத்திலும் கீழ்ச் சட்டத்திலும் சின்னதாக ஒவ்வொரு ஆணி அடித்துவிட்டு, மாதம் ஒரு தடவை நூலைக் கட்டி இடைவெளியை அளக்கச் சொல்லிக் கொடுத்தேன். டீச்சரம்மா முழங்காலோடு படியில் உட்கார்ந்துகொள்கிறார், நூலைப் பிடிப்பது பேரன். முதல் தேதியானால் வாட்ஸ்அப்பில் ஒரு எண் வரும். இதுவரை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகவில்லை. போன மாதம் எண்ணுக்குக் கீழே இன்னொரு வரி: "பந்து தோட்டத்தில்."